கோட்டின் அகலம்

தன்னுடைய எம்எல்ஏ யார் என்று தெரிந்துகொள்வதற்காக அஞ்சலாட்சி இரண்டு பஸ் மாறிச் சென்னைக்கு வந்திருந்தாள். ஆலம்பூண்டியில் கேட்டால் செங்கராயநல்லூர்த் தொகுதி என்றார்கள். செங்கராயநல்லூரில் கேட்டால் ஆலம்பூண்டி என்றார்கள். கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், தொகுதி வரைபடம் போடுகிற அலுவலகம் சென்னையில் இருக்கிறது, அங்கே போய்க் கேள் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வரைபட நிலையத்துக்குப் பொதுமக்கள் வருகிற வழக்கமே இல்லை. வந்தவளை உட்கார வைக்க ஒரு நாற்காலிகூட உபரியாகக் கிடையாது. பரிசோதகர் சுகிர்தா தன் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டாள். அந்த வேலையில் அவளுக்குப் பதினோராவது வருடம். படங்களைப் பார்த்திருக்கிறாளே தவிர, படத்துக்குள் குடியிருக்கும் ஓர் ஆளை அவள் அலுவலகத்தில் பார்த்தது அன்றுதான்.

"எம்எல்ஏகிட்ட என்னம்மா வேலை?"

"எங்க வூட்டுக்காரர் செத்துட்டாரு. செத்துட்டாருன்னு எழுதிக் குடுக்க மாட்டேங்கறாங்க."

அஞ்சலாட்சி கல்யாண மண்டபங்களில் பந்திப் பாத்திரம் கழுவுகிறவள். கணவர் கோதண்டம் கொத்தனார். மூன்று வாரத்துக்கு முன்பு, மதியம் சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும் வண்டி வந்தது. ஆனால் தெருமுனை ரேஷன் கடையோடு நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் வண்டியருகே வைத்தார்கள். ஓட்டுநர் அவருடைய விரலை ஒரு கருவியில் வைத்துப் பார்த்தார். இந்த ஆள் ஆலம்பூண்டித் தொகுதி இல்லை, ஏற்றினாலும் ஆஸ்பத்திரியில் கதவு திறக்காது என்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் செங்கராயநல்லூர் வண்டியை வரவழைத்தார்கள். அங்கேயும் அதே விரல், அதே பதில்.

"கட்டிலைத் தூக்கிக்கினு அந்தாண்டை ஓடினோம். இந்தாண்டை ஓடினோம். மூணாவது தடவை தூக்கும்போது அவரே கையைக் காட்டி, எறக்கி வைங்கடான்னாரு. நடு ஓடையில எறக்கினோம்."

சுடுகாட்டிலும் விரல் கேட்டார்கள். ஓடைக்கரையிலேயே புதைத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே ரேஷன் நின்றுபோயிருந்தது. மெஷின் கோளாறு என்று சொல்லியிருந்தார்கள், இவர்களும் நம்பியிருந்தார்கள்.

சுகிர்தா அவளுடைய கதவு எண்ணைக் கேட்டுத் திரையில் அடித்தாள். 'பிரதிநிதி' என்ற இடத்துக்கு நேரே எதுவும் வரவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு படத்தைத் திறந்து ஓடைக்கரைத் தெருவைப் பெரிதாக்கினாள். ஒரு பக்கம் ஆலம்பூண்டி இளஞ்சிவப்பில் இருந்தது, மறுபக்கம் செங்கராயநல்லூர் பச்சையில் இருந்தது. நடுவே எல்லைக்கோடு சாம்பல் நிறத்தில் ஓடியது. பெரிதாக்கப் பெரிதாக்க, மயிரிழையாக இருக்க வேண்டிய கோடு விரிந்துகொண்டே போனது. அதற்குள் ஒரு வீடு வந்தது. ஒரு அடிபம்பு வந்தது. ஒரு வேப்பமரமும் அதையடுத்து இருபத்தேழு வீடுகளும் வந்தன. அளந்து பார்த்தாள். அந்த இடத்தில் கோட்டின் அகலம் நாற்பத்தாறு மீட்டர்.

"யாரும்மா எங்க எம்எல்ஏ?" என்றாள் அஞ்சலாட்சி.

"பாத்துச் சொல்றேன்மா. கொஞ்சம் டைம் குடுங்க" என்றாள் சுகிர்தா. அவளுக்கு அப்போதே பதில் தெரிந்துவிட்டது.

*

நிலையத்தின் மேலாளர் துரைக்கண்ணு, சங்கிலி பிடித்து நிலம் அளந்த காலத்து ஆள். இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு. சுகிர்தா காட்டிய படத்தை அவர் இரண்டு விநாடிக்கு மேல் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும், இல்ல சார்?"

"உக்காரும்மா" என்றார் அவர்.

மனிதர்கள் கையில் கோடு இருந்தவரை, ஆளுங்கட்சிக்கு ஓட்டுப் போடாத தெரு எங்கேயாவது ஒரு மூலைக்கு இழுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. வழக்குகளும் கலவரங்களும் அலுத்துப்போய், நாடு முழுவதற்கும் தொகுதி பிரிக்கிற வேலையை 'சமன்' என்ற இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள். சமனுக்குக் கட்சி கிடையாது, சாதி கிடையாது, சொந்தக்காரன் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை அது எல்லாக் கோடுகளையும் அழித்துப் புதிதாகப் போடும். ஆஸ்பத்திரி, ரேஷன், பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் அந்தக் கோட்டின்படியே நடக்கும். இது ஊரறிந்த செய்தி. ஊரறியாததைத்தான் துரைக்கண்ணு சொன்னார்.

"சேட்டிலைட் படத்துல ஒண்ணு ரெண்டு மீட்டர் தப்பு வரும். ஒரே வீடு ரெண்டு தொகுதியிலயும் விழக் கூடாதேன்னு கோட்டுக்கு ரெண்டு மீட்டர் அகலம் குடுத்தோம். ரோட்டு நடுவுல, வாய்க்கா நடுவுலதானே போகும், அங்க யார் குடியிருக்கப் போறாங்கன்னு நினைச்சோம்."

"இப்ப நாப்பத்தாறு மீட்டர் சார்."

"அகலத்தைத் தேவைக்கேற்ப மாத்திக்கலாம்னு விதியில ஒரு வரி இருக்கு. சமனுக்குத் தேவை வந்துடுச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமனுக்கு நாம என்ன சொன்னோம்? எந்தத் தொகுதியும் மத்ததைவிடக் கீழ போகக் கூடாது. நோய், பசி, படிப்பு எல்லாத்தையும் கூட்டித் தொகுதிக்கு ஒரு மார்க். கடைசியில நிக்கிற எம்எல்ஏவுக்குப் பதவி போயிடும். நல்ல எண்ணத்துலதான் சொன்னோம். ஒரு தொகுதியோட மார்க்கை ஏத்தணும்னா ரெண்டு வழி இருக்கு. கஷ்டப்படறவனோட கஷ்டத்தைத் தீக்கலாம். அது சமன் கையில இல்ல. அதுகிட்ட இருக்கறது பென்சில் மட்டும்தான். அவனையே கோட்டு மேல தள்ளிடுச்சு."

"எத்தனை பேர் சார்?"

"நம்ம மாநிலத்துல ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். மத்த மாநிலத்துல நான் கேக்கல."

"திருத்தம் போட முடியாதா?"

"திருத்த மனு எம்எல்ஏ மூலமாத்தான் வரணும். கோட்டு மேல இருக்கறவனுக்கு எம்எல்ஏ ஏது?"

"அந்த வரிக்கு யார் சார் கையெழுத்துப் போட்டது?"

துரைக்கண்ணு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. நூற்று எண்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் கீழும், பரிசோதித்தேன் என்பதற்கு நேரே, சுகிர்தாவின் கையெழுத்து அழகாக இருந்தது.

"நான் படிக்கவே இல்ல சார்" என்றாள் அவள்.

"நானும்தான்" என்றார் அவர்.

*

அடுத்த வாரம் சுகிர்தா விடுப்பு போட்டுவிட்டு ஆலம்பூண்டிக்குப் போனாள். அஞ்சலாட்சியை அழைத்துக்கொண்டு எம்எல்ஏ ராஜவேலுவின் வீட்டுக்குச் சென்றாள். அவர் கெட்டவர் இல்லை. அஞ்சலாட்சியைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோதண்டண்ணன் கட்டின வீடுதான்க்கா இது. எனக்குத் தெரியாதா?"

"அப்பன்னா ஒரு மனு போடு தம்பி. எங்க தெருவு இருபத்தெட்டு வீட்டையும் உன் பக்கம் சேத்துக்க."

ராஜவேலு உட்கார்ந்தார். சுகிர்தாவைப் பார்த்துப் பேசினார். அஞ்சலாட்சியின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"போன வருஷம் ஒரு வீட்டுக்கு மனு போட்டேன் மேடம். அந்தம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் போச்சு, கோட்டு மேல இருந்தாங்க. மனுவை ஏத்துக்கிட்டாங்க, அவங்க உள்ள வந்தாங்க. என் மார்க் ஒரு புள்ளி எறங்குச்சு. அடுத்த தடவை கோடு போடும்போது காலனி முழுக்கக் கோட்டுக்குள்ள போயிடுச்சு. முந்நூத்தி அம்பது குடும்பம். ஒரு ஆளை உள்ள இழுத்தேன், முந்நூத்தி அம்பது குடும்பத்தை வெளிய தள்ளிட்டேன். இப்ப நான் யாருக்கும் மனு போடறதில்ல."

அஞ்சலாட்சி யோசித்தாள். "நாங்க வெளிய கெடக்கறதாலதான் மத்தவங்க உள்ள இருக்காங்கன்னு சொல்ற."

ராஜவேலு உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார். அஞ்சலாட்சி வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் சுகிர்தா கைப்பேசியில் மாநிலப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாள். தொகுதிகளின் நிறங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். சாம்பல் மட்டும் மிஞ்சியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து குமரி வரை, எங்கும் அறுபடாமல், ஒன்றோடொன்று கைகோத்த ஒரு வலை. தொகுதி என்பதற்குச் சட்டத்தில் இரண்டே இலக்கணம் உண்டு. இரண்டரை லட்சம் பேராவது இருக்க வேண்டும். நிலம் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இந்த மாநிலத்திலேயே இதைவிடத் தொடர்ச்சியான நிலம் வேறு கிடையாது.

எட்டு நாள் உட்கார்ந்து, கோட்டையே ஒரு தொகுதியாக்கும் விண்ணப்பத்தைத் தயாரித்தாள். புதிய தொகுதியை முன்மொழியப் பரிசோதகரின் கையெழுத்தே போதும் என்று விதி இருந்தது. யாரும் பயன்படுத்தாததால் யாரும் அதை நீக்கவும் இல்லை. இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். சமன் நான்கு விநாடியில் ஏற்றுக்கொண்டது. அதற்குக் கோபமும் இல்லை, வன்மமும் இல்லை. கேட்ட கணக்கு சரியாக இருந்தால் அதற்குப் போதும்.

தேர்தல் நடந்து முடிய ஆறு மாதம் ஆனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர், சாக்கடை ஓரத்திலிருந்தும் தண்டவாள ஓரத்திலிருந்தும் ஆலைச் சுவரை ஒட்டியும் வந்து ஓட்டுப் போட்டார்கள். கட்சிக்காரர்கள் யாரும் அந்தத் தொகுதியைச் சீந்தவில்லை. கரண்டிச் சின்னத்தில் நின்ற அஞ்சலாட்சி ஜெயித்தாள்.

அதற்குப் பிறகு, அடுத்த கோடு போடும்வரை, ஓடைக்கரைத் தெருவுக்கு மருத்துவ வண்டி வந்தது. ரேஷன் வந்தது. பேர் எழுதாமல் கிடந்த நாலாயிரம் குழந்தைகளுக்குப் பேர் எழுதினார்கள். கோதண்டம் செத்துப்போனார் என்பதற்கும் ஒரு காகிதம் வந்தது. அஞ்சலாட்சி அதை இரண்டு கையாலும் வாங்கி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

*

ஆண்டுக் கோடு போடுகிற நாளில் சுகிர்தா காலை ஆறரைக்கே அலுவலகம் வந்துவிட்டாள். ஏழு மணிக்குப் பழைய கோடுகள் அழிந்து புதிய கோடுகள் தோன்றின. அஞ்சலாட்சியின் தொகுதி இருந்தது. பட்டியலில் அதன் மார்க்கைப் பார்த்தபோது, ஏதோ தவறு என்றுதான் முதலில் நினைத்தாள். மாநிலத்திலேயே முதலிடம்.

படத்தைப் பெரிதாக்கினாள். புரிந்துபோயிற்று. எழுந்து ஆலம்பூண்டி பஸ்ஸைப் பிடித்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. மருத்துவ வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் முப்பது பேர் வரிசையில் காத்திருந்தார்கள். வண்டி வராது என்று அவர்களிடம் சொல்ல சுகிர்தாவுக்குத் தைரியம் வரவில்லை. அஞ்சலாட்சி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"காலையிலேர்ந்து போன் வருது. ஒருத்தர், நீச்சக் குளத்துல தண்ணி கலங்கலா இருக்குன்றாரு. ஒரு அம்மா, லிப்ட் நின்னு போச்சுன்றாங்க. எல்லாரும் என்னை எம்எல்ஏ மேடம்ன்றாங்க. யாரும்மா இவங்கள்லாம்?"

"உங்க தொகுதி மக்கள்" என்றாள் சுகிர்தா. "சமன் உங்க தொகுதியை நகத்திடுச்சும்மா. ரெண்டு பக்கமும் இருந்த நல்ல தெருவா பாத்து உள்ள இழுத்துக்கிச்சு."

"எங்க ஆளுங்க?"

"பழைய கோட்டைத் தொகுதியா மாத்தினோம். அந்தத் தொகுதிக்கும் கோடு வேணுமே. பட்டைன்னா ரெண்டு ஓரம். முன்ன ஒரு கோடு இருந்த எடத்துல இப்ப ரெண்டு கோடு. உங்க ஆளுங்க பாதிப் பேர் இந்தக் கோட்டு மேல, பாதிப் பேர் அந்தக் கோட்டு மேல. அவங்களோட புதுசாவும் விழுந்திருக்காங்க. முன்ன ரெண்டு லட்சத்து அறுபதாயிரம். இப்ப அஞ்சு லட்சத்துக்கு மேல. நான்தாம்மா பண்ணினேன். முதல்ல அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். உங்ககிட்ட அதைச் சொல்லவே இல்ல."

அஞ்சலாட்சி அவளை வெறித்துப் பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட சுகிர்தாவுக்குத் தோன்றியது. அஞ்சலாட்சி எழுந்துபோய், அடித்துக்கொண்டிருந்த கைப்பேசியை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டு வந்தாள்.

"இன்னொரு தடவை போடலாமா? இந்த ரெண்டு கோட்டையும் ரெண்டு தொகுதியா."

"போடலாம். ஆனா விதியை மாத்திட்டாங்க. இனிமே என் கையெழுத்து மட்டும் பத்தாது, ஒரு எம்எல்ஏவும் போடணும். நீங்க போடலாம். எலெக்ஷன் முடிய ஆறு மாசம். அப்புறம் ஆறு மாசம் ஆம்புலன்ஸ் வரும், ரேஷன் வரும். அடுத்த வருஷம் சமன் திரும்பவும் தள்ளிவிட்டுடும். அப்பப் பத்து லட்சம் பேர் கோட்டு மேல இருப்பாங்க."

"அதுக்கும் அடுத்த தடவை?"

"இருபது லட்சம்."

அஞ்சலாட்சி பந்திக்கு இலை எண்ணுகிறவளைப் போல விரல்களை மடக்கினாள். "இப்படியே போட்டுக்கினு போனா, எம்எல்ஏங்க வூடு எப்ப கோட்டு மேல விழும்?"

சுகிர்தா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கணக்கை அவள் போட்டுப் பார்த்ததில்லை. மனதுக்குள் போட்டாள். "மூணாவது வருஷத்துலேர்ந்து விழ ஆரம்பிக்கும். ஆனா அவங்க வேற வீட்டுக்கு மாறிடுவாங்கம்மா."

"மாறட்டும். மாறுற எடமும் விழும்."

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது.

"அதுக்குள்ள நாப்பது லட்சம் பேர் ஆயிடுவாங்க" என்றாள் சுகிர்தா. "வருஷத்துல ஆறு மாசம் அவங்களுக்கு ஒண்ணும் கிடையாது. எத்தனை பேர் சாவாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. உனக்குத்தான் கணக்குத் தெரியும். நீ சொல்லு."

சுகிர்தாவுக்கு அந்த எண்ணிக்கை தெரிந்திருந்தது.

"சும்மா வுட்டா மட்டும் சாக மாட்டாங்களா?" என்றாள் அஞ்சலாட்சி. "இத்தினி நாளா செத்தாங்களே, யாருக்காச்சும் தெரிஞ்சுதா? நம்ம வூட்டுக்கும் வரும்னு தெரியற வரைக்கும் ஒருத்தனும் இந்தக் கோட்டைப் பாக்க மாட்டான். எனக்கு அது நல்லாத் தெரியும். நானே பாத்ததில்லியே. ரேஷன் நின்ன ரெண்டு மாசமும் மெஷின் கோளாறுன்னுதானே இருந்தேன்."

சுகிர்தா தன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். காலையில் அலுவலகத்துக்கு வந்த நகல். அஞ்சலாட்சியின் வீடு இப்போது அவளுடைய தொகுதிக்குள் இல்லை. பதினைந்து நாளுக்குள் தொகுதிக்குள் ஒதுக்கப்பட்ட வீட்டுக்குக் குடிபோகாவிட்டால் பதவி பறிபோகும். பதவி போனால் கையெழுத்துப் போட யாரும் இருக்க மாட்டார்கள்.

"எதுக்காகக் குடிபோறீங்கன்னு இங்க யார்கிட்டயும் சொல்ல முடியாதும்மா. தெரிஞ்சா, நாம ரெண்டாவது விண்ணப்பம் போடறதுக்குள்ள விதியை அடைச்சிடுவாங்க."

"சொல்லல."

நாலாம் நாள் ஒரு சின்ன வேன் ஓடைக்கரைத் தெருவுக்குள் வந்தது. அஞ்சலாட்சியிடம் பெரிதாகச் சாமான் ஒன்றும் இல்லை. ஒரு பீரோ, இரண்டு அண்டா, துணி மூட்டை. தெருவே வாசலில் வந்து நின்றது. இவளுக்காகத் தண்டவாள ஓரமெல்லாம் நடந்து ஓட்டுக் கேட்ட பக்கத்து வீட்டு முனியம்மாள், மூட்டையைத் தூக்க ஒரு கை கொடுக்கவில்லை.

"அடுக்குமாடியில குடுத்துட்டாங்களாமே" என்றாள். "போய் நல்லா இரு. எங்களுக்குப் பழக்கம்தான்."

அஞ்சலாட்சி அவளைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அண்டாவை வேனில் ஏற்றினாள். தானும் ஏறினாள். வேன் கிளம்பியதும் பின்னால் யாரோ மண்ணை வாரித் தூற்றினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்து வாயில் அழுத்திக்கொண்டு வந்தாள்.

பக்கத்தில் சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் அஞ்சலாட்சிதான் கேட்டாள்.

"எந்தெந்தத் தெருவு விழும்னு முன்னாடியே பாக்க முடியுமா?"

"ஓரளவுக்கு முடியும்."

"என் பொண்ணைச் செங்கராயநல்லூர்ல கட்டிக் குடுத்திருக்கேன். பெருமாள் கோயில் பின்னாடி, மூணாவது வூடு."

சுகிர்தா படத்தைத் திறந்தாள். அடுத்த வருடத்துக் கோட்டைக் கணித்துப் பார்த்தாள். சந்தேகம் தீர இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"சொல்லு."

"அடுத்த வருஷம்" என்றாள் சுகிர்தா. "வேணும்னா விண்ணப்பத்தைத் தள்ளிப் போடலாம்மா. வேற ஏதாவது வழி இருக்கான்னு…"

அஞ்சலாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செங்கராயநல்லூர் மெயின் ரோடு முழுவதும் தாண்டிப் போயிற்று. கடைசிக் கடையும் பின்னால் போன பிறகுதான் பேசினாள்.

"திங்கக்கிழமையே போட்டுடு."